கொப்பிப் பாக்கியமும் மேக்கணக்கு பஸ்ஸும்

பதுளை பஸ் நிலையத்தில் போய் நின்று, "பாக்கியலெட்சுமி எங்க இருக்காங்க?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். "கொப்பிப் பாக்கியம்" என்று கேட்டால் போதும், வெற்றிலைக் கடைக்காரர் முதல் டைம் கீப்பர் வரை ஆளுக்கொரு பக்கம் கையை நீட்டி வழி சொல்வார்கள். நாற்பத்து மூன்று வயது, ஒடிசலான உடம்பு, கையில் குடை, கக்கத்தில் ஒரு கொப்பி, எதையும் எழுதி வைக்கும் நோட்டுப் புத்தகம். குடையை மறந்துவிட்டு வந்து நனைந்த நாட்கள் அவளுக்கு உண்டு. கொப்பியை மறந்த நாள் கிடையாது.

அவள் வேலை பார்ப்பது பச்சைக்கோட்டுக் கம்பனியில். பெயர்ப்பலகையில் வேறு என்னவோ எழுதியிருக்கிறது. ஆனால் வெள்ளை பஸ்ஸின் இடுப்பில் ஓடும் பச்சைக் கோட்டைப் பார்த்து ஊர் வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. றஹீம் ஹாஜியார் பதுளைக்கும் ஹாலிஎலைக்கும் இடையில் ஒரே ஒரு பழைய பஸ்ஸை ஓட்டி ஆரம்பித்த கம்பனி அது. இன்றைக்கு நாற்பத்தொரு பஸ். அதில் புத்தம் புதிதாக வாங்கியது எட்டோ ஒன்பதோதான். மற்றதெல்லாம், ஒரு பஸ் இரண்டு பஸ் வைத்து ஓட்டி, ஒரு கட்டத்தில் முடியாது என்று கையை விரித்த சின்ன முதலாளிமாரிடம் பெர்மிட்டோடு சேர்த்து வாங்கியவை.

பாக்கியம் அங்கே சேர்ந்தபோது கம்பனிக்கு மூன்று பஸ்தான். ஹாலிஎலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். பள்ளிக்கூடத்துக்கு ஐந்து கட்டை நடந்து போய், ஐந்து கட்டை நடந்து வந்து சாதாரண தரம் பாஸ் பண்ணியவள். அங்கெல்லாம் மைலுக்குக் கட்டை என்றுதான் பேர். டிக்கெட் கட்டு எண்ணி வைக்கும் வேலைக்கு வந்தாள். மரியாதையாகத்தான் பேசுவாள், ஆனால் தப்பென்று பட்டதைச் சொல்லாமல் விடமாட்டாள். ஹாஜியாருக்கு அது முதல் மாதமே தெரிந்துபோனது.

கம்பனி முதன்முதலில் வேறொருவர் பஸ்ஸை வாங்கியது வெலிமடைப் பக்கம். வாங்கி, சாயம் பூசி, புது கொண்டக்டர் போட்டு ஓட்டினால், ஒரு மாதத்தில் பாதி ஆள் ஏறவில்லை. ஹாஜியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாக்கியம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பாட்டுக்கு அந்த பஸ்ஸில் போய்விட்டு வந்து சொன்னாள். பழைய கொண்டக்டர் வயசாளிகளின் கிளினிக் சீட்டை வாங்கிப் போய், ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்து, மாலை பஸ்ஸில் கொண்டுவந்து கொடுப்பாராம். புது ஆள், "இது பஸ், தபால் கந்தோர் இல்லை" என்றானாம்.

"அப்போ நாம பஸ்ஸ மட்டும் வாங்கிட்டு, ரூட்ட அங்கேயே விட்டுட்டு வந்தீக்கிறோம்" என்றார் ஹாஜியார்.

அன்றிலிருந்து கம்பனியில் ஒரு வழக்கம் வந்தது. எந்த பஸ்ஸை வாங்குவதென்றாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பாக்கியம் ஒரு கிழமை, ஏழு நாளும், அதில் ஏறிப் போய் வருவாள். யார் எங்கே ஏறுகிறார்கள், எங்கே எதற்காக நிற்கிறது, எதை ஏற்றுகிறது என்று எல்லாம் கொப்பியில் ஏறும். தெமோதரையில் ரயில் எத்தனை மணிக்கு வந்தாலும் அது வரும்வரை நிற்கும் பஸ். ஹல்துமுல்லைப் பக்கத்தில், வெள்ளிக்கிழமையானால் கோயில் பூக்கூடைக்கு முன் சீட்டை விட்டுவிடும் பஸ். பஸ் கைமாறிய பிறகும் அதெல்லாம் அப்படியே நடக்கும். டிரைவர் தலைக்கு மேலே முருகன் படம் இருந்தால் அதுவும் அப்படியே இருக்கும். "நான் வாங்கினது பஸ்ஸத்தான், அவரை இல்ல. அவரு இருந்த எடத்துலயே இருக்கட்டும்" என்பார் ஹாஜியார். வண்டி நல்லதா என்று மெக்கானிக் அஸீஸ் பார்ப்பார், ஓட்டம் நல்லதா என்று பாக்கியம் பார்ப்பாள். இந்த இருவர் சொல்லில்தான் கம்பனி வளர்ந்தது. இதை நான் கொஞ்சம் கூட்டிச் சொல்வதாக யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் டீசலுக்கு நாள் கணக்கில் வரிசை நின்றோமே, அந்த வருஷம் சின்ன முதலாளிமாருக்கு இடுப்பு முறிந்தது. டயர் விலையைக் கேட்டாலே தலை சுற்றியது. அடுத்த இரண்டு வருஷத்துக்குள் பதினாறு பஸ் பச்சைக் கோட்டுக்கு வந்து சேர்ந்தன. ஹாஜியாரின் மகன் மபாஸ் கொழும்பில் படித்துவிட்டு வந்து கந்தோரில் உட்கார்ந்தார். நல்ல மனுஷர், ஆனால் எதையும் கணினித் திரையில் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை. வேகமாக வளர்ந்த கம்பனிக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்று, டிரைவர்மாருக்கு ஒரு சட்டத்தாள் எழுதச் சொன்னார். எழுதியது பாக்கியம்தான். அழகான கையெழுத்தில் பன்னிரண்டு விதி. அதை அச்சடித்து எல்லா பஸ்ஸிலும் ஒட்டினார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை. பெருமை வந்த இடத்தில்தானே மனுஷனுக்குக் கண் மறைக்கிறது.

பதினேழாவதாக வந்ததுதான் அழகையாவின் பஸ்.

தெமோதரைக்கு மேலே ஊத்துமலைத் தோட்டம். தோட்டத்துத் தேயிலை பெக்டரியைச் சுற்றி இருப்பது கீழ்க்கணக்கு. அங்கிருந்து நாலு கட்டை மேலே ஏறினால் மேக்கணக்கு, நூற்று நாற்பது குடும்பம் இருக்கும் டிவிஷன். அழகையா தோட்ட லொறி ஓட்டியவர். மனைவியின் நகையை விற்று ஒரு பஸ் வாங்கி, அந்த நாலு கட்டைக் கல் ரோட்டில் பத்தொன்பது வருஷம் ஏற்றி இறக்கினார். அறுபத்து மூன்று வயதில் முழங்கால் கிளச்சை மிதிக்க மறுத்தது. விற்கத் துணிந்தார். பண்டாரவளைக்காரர் ஒருவர் கம்பனியைவிடக் கூடுதலாகவே தருவதாகச் சொன்னார். ஆனால் அவருக்கு வேண்டியது மெயின் ரோட்டு ஓட்டம் மட்டும். மேக்கணக்குக்கு ஏறமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"நீங்க ஏறுவீங்களா?" என்று பாக்கியத்திடம் கேட்டார் அழகையா. ஒரு கிழமை அவருடைய பஸ்ஸில் போய் வந்து, கடைசி நாள் பெக்டரிச் சந்தியில் இறங்கி நின்றிருந்தாள். "நா மேக்கணக்குல பொறந்தவன். ஏந்தங்கச்சி குடும்பம் அங்கதான் இருக்கு. பஸ்ஸு மேல போவாதுன்னா எங்கிட்ட இப்பவே சொல்லிப்புடு."

"மேக்கணக்கு வரைக்கும் பஸ்ஸு போகும்ணே. நா சொல்றேன், என்னைய நம்புங்க" என்றாள் பாக்கியம்.

அவர் அவளைத்தான் நம்பினார். குறைந்த விலைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது செப்டம்பர் மாதம்.

நவம்பர் கடைசியில் மபாஸ் அவளைக் கூப்பிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். "அக்கா, இந்த ஊத்துமல பஸ்ஸ பாருங்க. பெக்டரிக்குக் கீழ நல்லா ஏறுறாங்க. மேக்கணக்குல காலையில மூணு பேர், நாலு பேர். நேத்து ஒருத்தரும் இல்ல. டயர் தேயுது, ஸ்பிரிங் ஒடையுது. ஒண்ணாந் திகதியில இருந்து பெக்டரியோட நிப்பாட்டிருவம்."

"அழகையாண்ணே காலத்துல நெறஞ்சு வந்த பஸ்ஸுங்க தம்பி. நானே பாத்தேன்."

"அது எப்படி ரெண்டு மாசத்துல காத்தாப் போகும்?"

"நானே போயி பாத்துட்டு வர்றேங்க" என்றாள். அவளை உறுத்தியது நஷ்டக் கணக்கல்ல. பெக்டரிச் சந்தியில் நின்று அவள் கொடுத்த வாக்குதான். பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ பேரிடம் பஸ் வாங்கியிருக்கிறாள். தோட்டத்துப் பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும் என்று அவள் முகத்தைப் பார்த்து விற்றவர்கள்தான் பாதிப் பேர். அந்த வாக்கு ஒரு இடத்தில் பொய்த்துப் போனால், மறுபடி எந்தப் படியில் ஏறி எந்த மனுஷனிடம் பேசுவது?

மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் அவளே ஏறினாள். டிரைவர் ஷாமில், பதுளைப் பொடியன், முப்பது வயது, தங்கமான ஓட்டம். பெக்டரிச் சந்தியைத் தாண்டியதும் பஸ் காலியானது. பனி ரோட்டை மூடியிருந்தது. கொண்டைக்குப் பூ வைப்பதுபோல் பக்குவமாகக் கல் ரோட்டில் பஸ்ஸை ஏற்றினான் ஷாமில். ஆறு ஐம்பதுக்கு மேக்கணக்கு. பாதையோரத்தில் ஒரு கிழவரும் ஒரு பள்ளிப் பிள்ளையும் மட்டும் நின்றார்கள். ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு பஸ் திரும்பியது. பாக்கியம் ஏறவில்லை. "நீ போ, நா மத்தியான பஸ்ஸுல வர்றேன்" என்று இறங்கி நின்றாள்.

ரோட்டிலிருந்து பார்த்தால் ஆட்கள் குடியிருக்கும் லயங்கள் கண்ணுக்குத் தெரியாது. படிப்படியாக வெட்டிய பாதையில் எட்டு நிமிஷம் கீழே இறங்க வேண்டும். அட்டை கடிக்கக் கடிக்க இறங்கினாள். பாதி வழியில், வெளுத்த புடவை கட்டி, பிள்ளைக் காம்பராச் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் எதிரே வந்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் கலாராணி.

"வாங்க. எங்க இருந்து வர்றீங்க?"

"பதுளையில இருந்துங்க."

"இம்புட்டுக் காலையிலயா? ஆட்டோவுலயா வந்தீங்க?"

"பஸ்ஸுல."

கலாராணி சிரித்தே விட்டாள். "எந்த பஸ்ஸு? இங்க பஸ்ஸு வந்தே ரெண்டு மாசமாச்சு. எப்பவாச்சும் வருது, பாத்தவங்க ஏறிப் போறாங்க."

"தெனமும் வருதுங்க! இப்பத்தான் திரும்பிப் போச்சு. நா அதுலதான் வந்து எறங்குனேன்."

"காது குத்தாதீங்கம்மா. சத்தமே கேக்கலயே."

பாக்கியம் ஒரு படி கிட்ட வந்தாள். "என்னா சத்தம்?"

பிறகு கலாராணி ஒன்றொன்றாகச் சொன்னாள். அழகையா அண்ணன் பஸ் எதிர் மலையில் காளியம்மன் வளைவுக்கு வரும்போது ஒரு தடவை நீட்டி ஹோன் அடிக்கும். அது கேட்டால் பிள்ளைக்கு உடுப்பு மாட்டுவார்கள். பாலத்தடியில் இரண்டு தடவை அடிக்கும். அப்போது வீட்டைப் பூட்டுவார்கள். பீலியடி வளைவில் மறுபடி நீட்டி அடிக்கும். அதற்குள் பாதிப் படி ஏறியிருக்க வேண்டும். பஸ் வந்து நிற்கும்போது எல்லாரும் ரோட்டில் இருப்பார்கள். இப்போது வளைவுமில்லை, பாலமுமில்லை, ஒரு சத்தமுமில்லை. சத்தமில்லாததால் பஸ்ஸுமில்லை.

"போன்ல மணி பாத்து ஏறி வந்திருக்கலாமேங்க?"

"நாங்க மணி பாத்து வந்தா, பஸ்ஸு மணி பாத்தா வருது? ஒரு நா லொறி குறுக்க நிக்கும், ஒரு நா மண்ணு சரிஞ்சு கெடக்கும். மேல ரோட்டுல ஒதுங்க ஒரு தகரக் கூரை இருக்கா, பாத்தீங்கள்ள? கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு ஒரு மணி நேரம் மழையில நின்னு, பஸ்ஸு வரலன்னு எறங்கி வர்றதா? நாலு பேரு அப்படி நனஞ்சு வந்தாங்க. அதுக்கப்பறம் யாரும் ஏறிப் பாக்கல. குறுக்கால எறங்கி பெக்டரிக்கு நடக்கிறோம்."

பாக்கியம் அந்த ஈரப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொப்பியைப் புரட்டினாள். செப்டம்பர் மாதப் பக்கம் வந்தது. மேலே அவள் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'மேக்கணக்கு ஆட்கள் நேரம் தவறாதவர்கள். பஸ் வரும்போது எல்லாரும் ரோட்டில் தயாராக நிற்கிறார்கள்.' அதே பக்கத்தில் நாலு வரி தள்ளி: 'டிரைவர் தேவையில்லாமல் ஹோன் அடிக்கிறார். ஆளே இல்லாத இடங்களிலும் அடிக்கிறார். திருத்த வேண்டும்.'

திருத்தியும் விட்டாள். தேவையில்லாமல் ஹோன் அடிக்கக் கூடாது என்பது அவள் எழுதிய சட்டத்தாளில் ஒன்பதாவது விதி. ஹாலிஎலைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சத்தம் தாங்க முடியவில்லை என்று ஒரு முறைப்பாடு வந்ததற்காக, நாற்பத்தொரு பஸ்ஸுக்கும் சேர்த்து வாய்ப்பூட்டுப் போட்டிருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. கொப்பியும் கையுமாகத் திரிந்த பதினெட்டு வருஷத்தில் பஸ்ஸுக்குள்ளே இருந்துதான் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாள். ஒரு நாளாவது கீழே லயத்தில் நின்று பஸ் எப்படி வருகிறது என்று கேட்டதில்லை. லயத்தில் பிறந்தவளுக்கு அது தோன்றாமல் போனதுதான் அவளுக்குப் பெரிய வெட்கம். என்ன செய்வது, அவள் பிறந்த தோட்டத்துக்கு பஸ்ஸே வந்ததில்லை. வராத பஸ்ஸின் சத்தத்தை அவள் எங்கே கேட்டிருப்பாள்?

மத்தியானம் பெக்டரிச் சந்தியில் இறங்கி அழகையா வீட்டுக்குப் போனாள். வாசலில் போஞ்சிக் கொடிக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"வாங்கன்னு சொல்ல மாட்டீங்களாண்ணே?"

"எதுக்குச் சொல்லணும்? கோயில் கூட்டத்துக்குப் போனா, பஸ்ஸ வித்துத் தின்னுட்டு எங்கள நடக்க விட்டுட்டியேன்னு கேக்குறாங்க. ஏந்தங்கச்சியே கேட்டுச்சு. ஒன்னைய நம்பி நா மொகத்த எங்க வச்சிக்கிறது?" கம்பனி பஸ் வீட்டு வாசலில் நின்று போனாலும், வலிக்கும் முழங்காலோடு தெமோதரைக்கு நடந்துதான் போய் வருகிறாராம். அவர் மனைவி பின்னால் நின்று சொன்னாள்.

பாக்கியம் ஹோன் சமாசாரத்தைச் சொன்னாள். அழகையா கம்பைக் கீழே போட்டார்.

"ஹோனா? நா எங்க அடிச்சேன்?"

"காளியம்மன் வளைவுல, பாலத்துல, பீலியடியில."

"எதுக்கால லொறி வருமேன்னு கை தானா போயிருக்கும். அதக் கேட்டா அதுங்க கெளம்பி வந்துச்சுங்க?" பத்தொன்பது வருஷம் அடித்த ஹோன் எதற்கென்று அடித்தவருக்கே தெரிந்திருக்கவில்லை. அவரும்தானே பஸ்ஸுக்குள்ளே இருந்தார். மலையைப் பார்த்துவிட்டு மறுபடி கம்பை எடுத்துக்கொண்டார். "சரி, தெரிஞ்சிருச்சு. பஸ்ஸ நிப்பாட்டப் போறாங்கன்னு கொண்டக்டர் சொன்னானே, அது நெசமா இல்லையா?"

"நா பாத்துக்கிறேண்ணே."

"நீ போன தடவையும் இதத்தான் சொன்ன."

சனிக்கிழமைக் கூட்டத்தில் ஹாஜியார், மபாஸ், அஸீஸ், இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். வேறு ஆளாயிருந்தால் பழியை டிரைவர் தலையிலோ பழைய முதலாளி தலையிலோ போட்டுவிட்டுத் தப்பியிருக்கும். பாக்கியம் எழுந்து கொப்பியை விரித்து அந்த இரண்டு வரியையும் வாசித்தாள்.

"ரூட்டுல பிழை இல்லைங்க. பிழை எம்மேல. ஒம்பதாம் நம்பர் விதிய நாந்தான் எழுதுனேன். மேக்கணக்குல ஹோன் கேட்டுத்தான் ஆளு வருது. நாம வாய மூடிக்கிட்டுப் போய் வாய மூடிக்கிட்டு வர்றோம்."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். மபாஸ் சிரிக்கவில்லை. "அக்கா, ஹோன் அடிச்சா பஸ் நெறயும்னு நான் எப்படி நம்புறது?"

"நம்ப வேணாங்க. பத்து நா தாங்க. நெறயாட்டி, நானே அழகையாண்ணே வீட்டுக்குப் போயி பஸ்ஸு வராதுன்னு சொல்றேன். அதுக்கப்பறம் பஸ்ஸு வாங்குறதுக்கு என்னைய அனுப்ப வேணாம். டிக்கெட் கட்டு எண்ணப் போறேன்."

மபாஸ் வாப்பாவைப் பார்த்தார். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு, "பத்து நாள்ல ஒரு டயர் தேயும். தேயட்டும்" என்றார்.

ஹோன் அடிக்கச் சொன்னபோது ஷாமிலுக்கு மனம் வரவில்லை. "ரூல்ஸ்ல போட்டீக்கிறதே நீங்கதானே அக்கா. இப்ப நீங்களே அடிக்கச் சொல்றீங்க" என்று சங்கடப்பட்டான். வாங்கிய எல்லா பஸ்ஸுக்கும் கம்பனி ஒரே மாதிரி அடக்கமான ஹோன் மாட்டியிருந்தது. அதைத்தான் முதல் நாள் மூன்று இடத்திலும் அடித்தான். பாக்கியம் அன்று பஸ்ஸில் போகவில்லை. முந்தின நாளே மேலே ஏறி, கலாராணி வீட்டில் தங்கி, காலையில் பிள்ளைக் காம்பரா வாசலில் நின்றாள். பனிக்குள்ளிருந்து ஏதோ மெல்லிசாக வந்தது. "இதென்னா, ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி இருக்கு?" என்றாள் கலாராணி. அன்றைக்கு ஏறியது ஆறு பேர்.

அழகையா பஸ்ஸில் இருந்த பழைய ஹோனைத் தேடினால், அஸீஸ் தலையைச் சொறிந்தார். "நல்ல சாமான் அது. வீசுறதுக்கு மனசு வரல. ஹல்துமுல்ல பஸ்ஸுக்கு மாட்டிட்டேன்." ஹல்துமுல்லை டிரைவர் அதை விட்டுக் கொடுக்க மூக்கால் அழுதார். அழுகையைக் கேட்டுக்கொண்டே கழற்றி எடுத்து வந்தார்கள். அதற்குள் நாலு நாள் ஓடிவிட்டது.

பாக்கியம் பெரட்டுக் களத்துக்கும் போனாள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் அந்த இடத்தில், கங்காணியிடம் கேட்டுக்கொண்டு பெண்கள் முன்னால் நின்றாள். "ரெண்டு மாசம் ஒங்கள நனய விட்டது நாந்தான். நாளையில இருந்து பழைய சத்தம் வரும். ஒரு தடவ நம்பி ஏறி வாங்க" என்றாள். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஐந்தாம் நாள் அவள் மறுபடி காம்பரா வாசலில் நின்றாள். எதிர் மலை தெரியவே இல்லை. ஆறரை மணி வாக்கில், தூரத்தில், எங்கிருந்தென்று சொல்ல முடியாத இடத்திலிருந்து, அடித்தொண்டையில் ஒரு நீண்ட சத்தம் பள்ளத்தைக் கடந்து வந்தது. லயத்தில் நாலைந்து கதவுகள் ஒரே நேரத்தில் திறந்தன. "அழகையா பஸ்ஸுடி!" என்று ஒரு குரல். பால் போத்தல் எங்கே என்று இன்னொரு குரல். பாக்கியத்துக்கு அழுகை வந்துவிட்டது. பத்து வயதில் நனைந்த புத்தகத்தோடு ஐந்து கட்டை நடந்தவள் அவள். ஒரு பஸ் தன்னைத் தேடி வருகிற சத்தம் இப்படித்தான் இருக்குமென்று அன்றுதான் அவள் காதால் கேட்டாள்.

அன்று பதினொரு பேர். மறுநாள் கூடியது. மழை பிடித்த நாளில் குறைந்தது. எட்டாம் நாள் பாலத்தடியில் மண் சரிந்து பஸ் முக்கால் மணி பிந்தியது. சத்தம் கேட்கும்வரை ஒருத்தரும் படியேறவில்லை. கேட்ட பிறகு ஒருத்தரும் பிந்தவும் இல்லை.

பத்தாம் நாள் மபாஸ் வந்தார். பதுளையிலிருந்தே ஏறி, முன் சீட்டில் பாக்கியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போனைத் தடவிக்கொண்டு வந்தார். பெக்டரிக்கு மேலே வழக்கம்போல் பஸ் காலி. காளியம்மன் வளைவில் ஷாமில் கையை வைத்தான். மபாஸ் நிமிர்ந்தார். பாலத்தடியில் இரண்டு. பீலியடியில் ஒன்று. மேக்கணக்கில் போய் நின்றபோது வெளியே வெள்ளைப் பனியைத் தவிர வேறொன்றும் இல்லை.

"யாரையும் காணோமே அக்கா" என்றார்.

பாக்கியம் யன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு குடை வந்தது. பின்னால் ஒரு வெள்ளைச் சட்டைக் கூட்டம், பள்ளிப் பிள்ளைகள். கடைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள். கிளினிக் கொப்பியோடு வயசாளிகள். வாழைக்குலையோடு ஒருவர். கைப்பிள்ளையோடு ஒரு தாய் ஏறி, இடம் தேடிக் கண்ணைச் சுழற்றினாள். மபாஸ் தானாக எழுந்து இடம் விட்டார். பின்னால் போகவும் வழியில்லாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாழைக்குலைக்கும் ஒரு புத்தகப்பைக்கும் நடுவில் நசுங்கி நின்றார்.

"இந்த பஸ்ஸ பெக்டரியோட நிப்பாட்டுவம்னு சொன்னது யாரு?" என்றார் அவளைப் பார்த்து.

"நீங்கதாங்க தம்பி."

"நான் சொல்லல. அந்தக் கம்ப்யூட்டர் சொல்லிச்சு." சிரித்துவிட்டார். "ஒம்பதாம் நம்பர் விதிய மாத்தி எழுதுங்க அக்கா. இனி பஸ் வாங்கறதுக்கு முந்தி மூணு நாள் உள்ள இருங்க, மூணு நாள் வெளிய நில்லுங்க. நான் வாப்பாட்ட சொல்றன்."

அவள் தலையாட்டினாள். இந்தச் செய்தியை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரியும். சொன்னால் அவர் நம்புவாரா என்பதுதான் தெரியவில்லை.

பஸ் இறங்கி பெக்டரிச் சந்திக்கு வந்தது. வழக்கமாக ஏறுகிறவர்களுக்குப் பின்னால், வெளுத்த சாரமும் மடித்த குடையுமாக அழகையா நின்றிருந்தார். பஸ்ஸை முன்னிருந்து பின்வரை ஒரு தடவை பார்த்தார். யன்னல் யன்னலாக மேக்கணக்கு முகங்கள். அவர் தங்கை உள்ளேயிருந்து, "அண்ணே, வா" என்று கையை ஆட்டினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறினார்.

பாக்கியம் அவசரமாக எழுந்து, "உக்காருங்கண்ணே" என்றாள். அவர் உட்காரவில்லை. மடியிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்துக் கொண்டக்டரிடம் நீட்டினார்.

"தெமோதர ஒண்ணு."

கொண்டக்டர் திகைத்துப்போய் பாக்கியத்தைப் பார்த்தான்.

"ஒங்களுக்கு என்னாண்ணே டிக்கெட்டு?" என்றாள் அவள்.

"ரெண்டு மாசமா இத எம் பஸ்ஸுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் ஏறாம இருந்தேன். இனி இது ஒங்க பஸ்ஸு. டிக்கெட்டக் குடுக்கச் சொல்லு" என்றார் அழகையா.

காசை வாங்கு என்று பாக்கியம் கொண்டக்டருக்குக் கண்ணைக் காட்டினாள். டிக்கெட்டை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவர் மபாஸுக்குப் பக்கத்தில் அதே கம்பியைப் பிடித்து நின்றார். உட்காரச் சொல்லி எத்தனை பேர் எழுந்தும், தெமோதரை வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.